கறுப்பு முடியோடு பிறந்தவன்

பதினொன்றாம் நம்பர் டாக்டர் அறைக்குள்ளே போய்விட்டது, நாங்கள் பதினான்கு, நடுவில் இன்னும் இரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் அரைமணி நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். இருபத்தைந்து வருஷம் தெரியாமலே காலத்தை ஓட்டியவனுக்கு அரைமணி ஒரு பெரிய நேரமா, ஆனால் கால் தானாக ஆடுகிறது. “ஆட்டாதீங்க, எல்லாச் சேரும் சேந்து ஆடுது” என்று கனி என் தொடையில் கையை வைத்து அழுத்துகிறாள். இங்கே நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பூட்டியிருக்கிறார்கள், ஒருவன் பயந்தால் நான்கு பேருக்குத் தெரிந்துவிடும். அவள் கை குளிர்ந்திருக்கிறது. ஏசியா, இல்லை அவளுக்கும் பயமா? அவளுக்கு எதற்குப் பயம் என்ற கேள்வியில்தான் நான் ஒரு மாசமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். சும்மா இரு வெயிலுமுத்து. பேரைப் பார், வெயிலுமுத்து. விருதுநகரில் வெயிலுகந்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை, பேரை முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டார்கள், பிள்ளை வெளியே வந்தால் பால் வெள்ளை, முடி பஞ்சு, விளக்கைப் பார்க்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு கத்துகிறது. நேர்ந்த பேரை மாற்றக்கூடாது என்று அதையே வைத்தார்கள். வெயிலில் கால்மணி நின்றால் தோல் உரிகிற ஒருவனை ஊரே வெயிலு வெயிலு என்று ஐம்பத்தாறு வருஷமாகக் கூப்பிடுகிறது. கனிக்கு அந்தத் தொல்லை இல்லை, செல்வக்கனி, யாருக்கும் பொருந்துகிற பேர். அவளும் என்னைப் போலத்தான். வெள்ளைக்கு வெள்ளை என்று கட்டி வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் பிறந்த மதிவாணன் மட்டும் நல்ல மாநிறம், கருகருவென்று முடி. எங்களுக்குப் பிறந்தான் என்று வாய் சொல்லிவிடுகிறது. யாருக்குப் பிறந்தான் என்பது பதின்மூன்றாம் நம்பர் வெளியே வந்த பிறகு தெரியும்.

மதிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. கோயம்புத்தூரில் அவன் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பெண், சுகிர்தா, எங்களை முதன்முதலாகப் பார்த்தபோது ஒரு நொடிகூடத் தயங்காமல் காலில் விழுந்தவள். அவளுடைய அப்பாதான் பக்குவமாக, “தப்பா எடுத்துக்கிடாதீக, பேரப்பிள்ளைக எப்படிப் பொறக்கும்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா நல்லதுல்ல” என்றார். கேட்டதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். மதி சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டான். அப்படித்தான் போன மாசம் மதுரைக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும், அவனும், அந்தப் பெண்ணுமாக நான்கு பேரும் ரத்தம் கொடுத்தோம். ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு படிவம். எங்களால் பொடி எழுத்தைப் படிக்க முடியாது என்பதால் டாக்டர் ஹசீனா எங்களை மட்டும் அறைக்குள் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். குரலை வைத்துச் சொன்னால் முப்பது வயது இருக்கும், நல்ல பெண். எட்டாவது வரிக்கு வந்ததும் கொஞ்சம் மெதுவாக வாசித்தார். “இந்த டெஸ்ட்ல சில சமயம் நாம கேக்காத விஷயமும் தெரியவரும். இன்னாருக்கு இன்னார் பிள்ளைன்னு சொன்னது ஒத்து வராமப் போகலாம். அப்படி ஏதாச்சும் தெரிஞ்சா உங்ககிட்டச் சொல்லணுமா, வேணாமா?” எல்லோரிடமும் கேட்கிற கேள்விதானாம். என் உதடு வரைக்கும் ‘சொல்லுங்க’ வந்துவிட்டது. அதற்குள் கனி, எதற்கும் முந்திக்கொண்டு பேசாத கனி, “வேணாம்மா” என்றாள். “நீங்க சார்?” நானும் வேண்டாம் என்றேன், வேறென்ன சொல்வது? அந்த ‘வேணாம்மா’வை இந்த ஒரு மாசத்தில் ஆயிரம் தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டேன். நான் டெலிபோன் ஆபரேட்டர், முப்பது வருஷம் ஒரு அரசு அலுவலகத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், ஒரு ஹலோவை வைத்தே பேசுகிறவர் மேலதிகாரியா, மனுக் கொடுத்துவிட்டு அலைகிறவரா என்று சொல்லிவிடுவேன். குரலில் பொய் இருந்தால் எனக்குத் தெரியும். அந்த ‘வேணாம்மா’வில் பொய் இல்லை, பயம் இருந்தது. பொய்யாக இருந்தால்கூடத் தேவலை. தப்புச் செய்யாதவளுக்கு எதற்குப் பயம் வரும்?

வேறு எதையாவது நினை. அன்றைக்கு டாக்டர் நடத்திய பாடத்தை நினை. எங்கள் தோலில் கறுப்பைச் செய்கிற செல்லே கிடையாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கருவில் இருக்கும்போதே முதுகுத்தண்டு ஓரத்திலிருந்து நிறமிச் செல்கள் கிளம்பி, உடம்பு முழுக்க நடந்துபோய், தோலுக்கு அடியிலும் ஒவ்வொரு முடிவேரிலும் இடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளுமாம். எல்லோருக்கும் போல எனக்கும் கனிக்கும் அவை உட்கார்ந்துதான் இருக்கின்றன, எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைவில்லை. வேலைதான் நடக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்தச் செல் மெலனின் என்ற கறுப்பைப் பொடிப்பொடி உருண்டைகளாகச் செய்து பக்கத்துச் செல்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கும், வாங்கிய செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொள்ளும், வெயில் உள்ளே இறங்காமல். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்போதும் என் மடியில் குடை இருந்தது. செல்லுக்குள் இருக்க வேண்டிய குடையைக் கையில் தூக்கிக்கொண்டு திரிகிறவன் நான். கண்ணும் அப்படித்தானாம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புகள் சரியான பக்கம் பிரிந்து போவதற்கும் இந்தக் கறுப்பு வேண்டுமாம், அது இல்லாததால் எங்களுக்கு வயர்கள் மாறிக் குத்தியிருக்கின்றன, டெலிபோன் போர்டில் நான் எத்தனை தடவை அப்படி மாற்றிக் குத்தி வாங்கிக்கட்டியிருக்கிறேன். அப்புறம் டாக்டர் ஒரு பெரிய தாளில் எங்கள் வம்சத்தை வரைந்தார், ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். எங்கள் அப்பா அக்கா மகளைக் கட்டியவர், தாத்தா மாமன் மகளை. சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு போட வேண்டுமாம். போட்டார், போட்டார், இரட்டைக் கோடாகவே போய்க்கொண்டிருந்தது. கனி வீட்டிலும் அதே கதை. எனக்கும் கனிக்கும் நடுவில்தான் முதன்முதலாக ஒற்றைக் கோடு. ஒதுங்கிக் கிடந்த மறதிபோல ஒரு ஜீன் இந்தக் கோடுகள் வழியாக யாருக்கும் தெரியாமல் நடந்து வந்து, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று என்னிடம் இரண்டாகச் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஒற்றைக் கோடு. அதுவும் ஆஸ்பத்திரி பெஞ்சில் போட்ட கோடு. மதுரைக்குக் கண் காட்ட அம்மா என்னைக் கூட்டி வந்திருந்தாள், கனியை அவள் அப்பா கூட்டி வந்திருந்தார், ஒரே பெஞ்சு. “எங்க வீட்டுல ஒண்ணு இப்படி” என்று அம்மா சொல்ல, “எங்க வீட்டுலயும் ஒண்ணு” என்று அவர் சொல்ல, ஊர் கேட்டு, குலம் கேட்டு, சீட்டுக் கூப்பிடுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். கண் பார்க்கப் போன இடத்தில் பெண் பார்த்தார்கள். பார்த்தது அவர்கள்தான், எனக்கு மூன்றடிக்கு அந்தப் பக்கம் பெண்ணும் ஒன்றுதான் தூணும் ஒன்றுதான். தாலி கட்டக் குனிந்தபோதுதான் கனியின் முகத்தை முதலில் பார்த்தேன். முகத்தைவிட முன்னால் கழுத்து தெரிந்தது. கழுத்தில் பழுப்பாக மூன்று மச்சம், வரிசையாக. எனக்கு மச்சமெல்லாம் இளஞ்சிவப்பு. அவள் முடியும் என்னுடையதுபோல வெள்ளை இல்லை, சோளக்கதிர் நார் நிறத்தில் ஒரு மஞ்சள். அந்தக் கணம் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் அப்படியே திரும்பி வருகிறது. போட்டோக்காரர்தான் பாவம், ஃபிளாஷ் அடித்தால் மாப்பிள்ளை பெண் இரண்டு பேரும் மறைந்துபோய் மாலை மட்டும் தெரிகிறது, குறைத்து எடுத்தால் நாங்கள் தெரிகிறோம், சொந்தபந்தம் அத்தனை பேரும் கரிக்கட்டையாகிவிட்டார்கள். “உங்க சித்தப்பாவ யாருன்னே தெரியல” என்று கனி ஆல்பத்தை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தாள். சினிமாவுக்குப் போனால் முதல் வரிசை, திரையிலிருந்து கைநீட்டினால் தொடுகிற தூரம், எங்களைத் தவிர விசிலடிக்கிற கூட்டம்தான் அங்கே உட்காரும், இடைவேளையில் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், கனி முறுக்கை உடைத்துப் பாதியை என் கையில் வைப்பாள். “துரையும் துரைசாணியும் படம் பாக்க வந்துட்டாங்கடோய்” என்று பின்னால் ஒருத்தன் சொல்வான். கனி திரும்பாமலே, “ஆமா, டிக்கெட்டுக் கிழிக்கிற வேலைக்கு ஆள் எடுக்க வந்தோம், நீ வாரியா” என்பாள். என்ன பேச்சுப் பேசுவாள் அந்தக் காலத்தில். ஒரு குடைக்குள் இரண்டு பேர், நீளக்கை ஜாக்கெட், முழுக்கைச் சட்டை, தெப்பக்குளத்து ஓரமாக நிழல் பார்த்து நிழல் பார்த்து வீட்டுக்கு நடப்போம். அந்த ஒன்றரை வருஷத்துக்காக மிச்ச ஆயுசு முழுவதையும் கொடுக்கலாம்.

பன்னிரண்டு உள்ளே போகிறது. கனி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டுகிறாள். வேண்டாம் என்கிறேன். வேண்டாம். பார், இந்த வார்த்தையை நான்கூட எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறேன். அவள் உண்டானபோது எங்களுக்கு என்ன பிறக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வெள்ளைதான் பிறக்கும், இதற்கு டாக்டர் எதற்கு? ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணியில் திரை தைத்துவிட்டாள், காதை மூடுகிற மாதிரிப் பொடித் தொப்பி இரண்டு. பிள்ளை எங்களைப் போல இருக்கும் என்று வருத்தப்பட்டோமா என்றால் இல்லை, வெயிலில் எப்படி நிற்பது, கரும்பலகைக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காருவது, துரை என்று கூப்பிடுகிறவனை எப்படி மடக்குவது என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும், நாங்களே சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். வலி எடுத்து ஒரு பகலெல்லாம் கிடந்தாள், அப்புறம் மயக்க ஊசி போட்டு வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். ஆயா துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்து, “ஆம்பளப் பிள்ள, தலை நெறைய முடி, கருகருன்னு ராசா கணக்கா” என்றாள். நான் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தேன். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கறுப்பு. இன்னொரு தடவை பார்த்தேன், கறுப்புதான். சூடாக இருந்தது பிள்ளை, ஒரு கையால் என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது. ஆயா பக்கத்தில் நின்ற யாரிடமோ மெதுவாக, மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைத்து, “அப்பன் வெள்ள, ஆத்தா வெள்ள, இது எங்குட்டிருந்து வந்துச்சு?” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். சந்தேகப்படுவதற்கு ஊரில் ஆளுக்கா பஞ்சம், என்னைத் தவிர எல்லாருக்கும் கறுப்பு முடிதான். மாசாமாசம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த ஆட்டோ சங்கிலி. வீட்டுக்காரரின் தம்பி. அரிசிக் கடையில் நின்ற பையன், அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை, அவனையும் விடவில்லை நான். சங்கிலி இன்றைக்கும் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறான், தங்கமான மனுஷன், அவன் மூக்கையும் மதியின் மூக்கையும் எத்தனை தடவை மனசுக்குள் வைத்து அளந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தால் காறித் துப்புவான். கனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைக்கு மொட்டை போட்டேன். ஒரு வயதில் வெயிலுகந்த அம்மனுக்கு முதல் மொட்டை, அது எல்லாரும் போடுவது. முதல் முடி போனால் அடுத்தது சொந்த நிறத்தில் வரும் என்று யாரோ சொன்னது காதில் கிடந்தது, பச்சைப்பிள்ளை முடி வேறு, பிறகு வளர்கிற முடி வேறு என்று. தினமும் காலையில் அந்தத் தலையை ஜன்னல் பக்கம் தூக்கிப்போய்ப் பார்ப்பேன், வெள்ளையாக ஒரு புள்ளியாவது முளைத்திருக்கிறதா என்று. கறுப்பாக முளைத்தது. ஆறே மாசத்தில் திருச்செந்தூருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்றேன். மறு வருஷம் இருக்கன்குடிக்கு. இல்லாத வேண்டுதலையெல்லாம் சாமி பேரில் போட்டேன். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பிள்ளைத் தலையை எத்தனை தடவை சிரைப்பீர்கள் என்று சண்டைக்கு வந்திருப்பாள். கனி ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், மூன்று தடவையும். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வாயைத் திறக்கவில்லை என்று கணக்குப் போட்டேன். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றேன், அதற்கும் சரி என்றாள். மூன்று வருஷம் அவளை நான் கனி என்று கூப்பிடவில்லை. இந்தா, ஏய், அங்க பாரு, இப்படியே ஓட்டினேன். அந்தப் பழைய வாய் அடங்கிப்போய்விட்டது, சினிமாவில் எவன் என்ன சொன்னாலும் பேசாமல் இருந்தாள், அப்புறம் சினிமாவுக்குப் போவதே நின்றுபோனது.

இதில் கூத்து என்னவென்றால் அதே மூன்று வருஷத்தில் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டான். மனசில் விலக்கி வைக்கலாம், அது தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? நான்கு வயதில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, “சா...த்...தூ...ர்... அப்பா, சாத்தூர் வண்டிப்பா” என்று கத்துவான். அதற்கு முன்னால் நான் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்டுத்தான் வண்டி ஏறுவேன், பாதிப் பேர் பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவன் வந்த பிறகு யாரையும் கேட்டதில்லை. “அம்மா, படி இருக்கு, மூணு படி”, “அப்பா, மாடு நிக்குது, இந்தப் பக்கமா வா”, இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அந்தப் பொடியன் எங்களை ஓட்டிக்கொண்டு போவான். பள்ளிக்கூடத்தில் எவனோ உங்க அப்பா பேய் என்று சொன்னதற்கு அவனைக் கடித்து வைத்துவிட்டு வந்து நின்றான், டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார்கள், நான் கண்டிக்கிற மாதிரி கண்டித்துவிட்டு வெளியே வந்து அவனுக்கு சர்பத் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அவன் பிள்ளைதான், அதில் என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கனி மேல்தான் சந்தேகம். இரண்டையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவனுக்குக் குரல் உடைந்த பிறகு வீட்டுப் போனை எடுத்து ஹலோ என்றால் ஆபீஸ்காரர்கள் எல்லாரும், “வெயிலு, நாளைக்கு லீவா?” என்று அவனிடமே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவன் சிரித்துக்கொண்டு வந்து சொல்வான். எல்லார் குரலையும் கண்டுபிடிக்கிற எனக்கு அது மட்டும் கேட்கவில்லை, தன் குரல் எப்படி இருக்கும் என்று எவனுக்குத் தெரிகிறது? கூடவே இருக்கிறான், பேச்சு ஒட்டிக்கொண்டது என்று விட்டுவிட்டேன். சந்தேகப்படுகிறவனுக்குத்தான் எத்தனை சமாதானம் கிடைத்துவிடுகிறது.

பதின்மூன்று. கதவு சாத்திக்கொள்கிற சத்தம். சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், டாக்டர் சொல்ல மாட்டார், சொல்லாமல் இருக்கிறார் என்பது குரலில் தெரிந்துவிடும், எனக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தால் என்ன செய்வேன்? வீட்டுக்குப் போய்ச் சோறு போடச் சொல்வேன், வேறென்ன? மதி இன்று லீவு கிடைக்காமல் கோயம்புத்தூரிலேயே இருக்கிறான், நீங்கள் இரண்டு பேரும் கேட்டுவிட்டுப் போன் பண்ணுங்கள் என்றான், அவனிடம் என்ன சொல்வேன்? பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது, ஏனென்றால் நீ எனக்குப் பிறந்தவனே இல்லை என்றா? இந்த வயதில் எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. கோபம் எந்த வருஷத்தில் போனது என்று தெரியவில்லை, ஏதோ ஒரு நாள் எனக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டுவிட்டு ஊதினாளே, அதில் போயிருக்கலாம். கோபம் போய்விட்டது, கேள்வி மட்டும் போகவில்லை. இல்லை, இன்னொன்றும் இருக்கிறது, ஒரு மாசமாக அதைக் கிட்டே வரவிடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன். டாக்டர் அன்றைக்குப் படம் வரையும்போது பேனாவை நிறுத்திவிட்டு, “அம்மாவுக்கு மச்சம் இருக்கா? இருந்தா என்ன கலர்?” என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, “பழுப்பு” என்றேன். “உங்களுக்கு?” இளஞ்சிவப்பு என்றேன். “ஓ” என்றார். அந்த ‘ஓ’வில் ஏதோ இருந்தது. கனியிடம் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது, என்னிடம் துளிகூட இல்லை. தாலி கட்டும்போதே மூக்குக்கு நேராகப் பார்த்த விஷயம். அதற்கு அர்த்தம் ஏதாவது இருந்து, அந்த அர்த்தம் கனி பக்கம் இருந்துவிட்டால், அவள் தப்பே செய்யாதவளாக இருந்துவிட்டால், என்ன செய்வேன்? அவள் தப்பு செய்திருந்தால் தாங்கிக்கொள்ள இருபத்தைந்து வருஷம் பழகிவிட்டேன். செய்யவில்லை என்றால் தாங்க எனக்குப் பழக்கமே இல்லை. “கூப்புடுறாங்க, எந்திரிங்க” என்கிறாள் கனி.

உள்ளே நல்ல வெளிச்சம், கண் கூசியது, டாக்டர் எழுந்து திரையை இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. “முதல்ல நல்ல சேதி” என்றார். “சுகிர்தாவுக்கு ஒண்ணும் இல்ல. பேரப்பிள்ளைகளுக்கு உங்கள மாதிரி வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அடுத்து உங்க விஷயம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வெள்ளைன்னுதான எல்லாரும் நினைச்சீங்க? அப்படி இல்ல. ரெண்டும் வேற வேற ஜீன்ல வந்த கோளாறு. சோறாக்க அடுப்பும் எரியணும், தண்ணியும் வேணும், இல்லையா? சார் வீட்டுல தண்ணி இருக்கு, அடுப்பு எரியல. அம்மா வீட்டுல அடுப்பு நல்லா எரியுது, தண்ணி வத்திக்கெடக்கு. ரெண்டு வீட்டுலயும் சோறு ஆகல, வெளிய நின்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். பையன் அம்மாகிட்ட இருந்து அடுப்ப வாங்கிக்கிட்டான், அப்பாகிட்ட இருந்து தண்ணிய வாங்கிக்கிட்டான். அவனுக்குப் பொங்கிருச்சு. இதுல அதிசயமே இல்ல சார், உங்களுக்குப் பத்துப் பிள்ள பொறந்திருந்தாலும் பத்துக்கும் கறுப்பு முடிதான் இருந்திருக்கும்.” பத்து. ஒன்றோடு நிறுத்தியவன் நான். டாக்டர் பேசிக்கொண்டே போனார், உங்களிடம் இருக்கிற கோளாறு ஒன்றும் அம்மாவிடம் இருக்கிற கோளாறு ஒன்றும் அப்படியே அவனிடம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி நல்லதாக இருப்பதால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என் பிள்ளை. சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே வெட்கம் வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் கனி பேசினாள். “அப்ப அவன் நான் பெத்த பிள்ளதானாம்மா?”

டாக்டருக்குப் புரியவில்லை. “என்னம்மா கேக்குறீங்க? நீங்கதான பெத்தீங்க?” “மயக்கத்துல வச்சு எடுத்தாங்கம்மா. அன்னைக்கு அங்க நாலு பிரசவம். முழிச்சுப் பாக்கையில கறுப்பு முடியோட ஒண்ண எங்கையில குடுத்தாங்க. பிள்ளைய மாத்திட்டாங்கன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எம்பிள்ள எங்கயோ வெள்ளையா வளருதுன்னு ரோட்டுல அப்படிப் பையங்களப் பாத்தா கிட்டப் போயி மூஞ்சியப் பாப்பேன். இவனப் பெத்தவ என்னைக்காச்சும் கதவத் தட்டிருவாளோன்னு... அதாம்மா அன்னைக்கு வேணாம்னேன். அவன் எனக்கு இல்லைன்னு எழுத்துல வந்துரக் கூடாதுன்னு.” அவள் அழுதாள். அவள் அழுது நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “உங்க பிள்ளதாம்மா, நூத்துக்கு நூறு உங்க பிள்ள” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கனி மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு ஒரு நாளும் சந்தேகம் வரலையாங்க?” பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கும் ஆஸ்பத்திரி மேல்தான் சந்தேகம் என்று சொன்னால் போதும், இரண்டு பேரும் ஒரே பயத்தைச் சுமந்தோம் என்று ஆகிவிடும், அவள் நம்பிவிடுவாள், மிச்சக் காலம் நிம்மதியாகப் போகும். வாயையும் திறந்துவிட்டேன். “வந்துச்சு கனி” என்றேன். “ஆனா ஆஸ்பத்திரி மேல இல்ல. உம்மேல.” டாக்டர் கையை எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். கனி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், போனால் சரி என்றும் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்து, என் முகம் அவளுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

“அது தெரியும்” என்றாள். “மொத நாளே தெரியும், உங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன். நான் வாயத் தொறந்து ஆஸ்பத்திரில மாத்திட்டாங்கன்னு சொன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நீங்க என்னையச் சந்தேகப்பட்டா பிள்ள வீட்டுலதான இருக்கும்? அதான், என்னையவே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”